எலும்புக்குள் ஒரு பிடி: ஜான் சார்ன்லியும் இடுப்பு மூட்டும்

(பினாங்கின் ஜார்ஜ் டவுனில் பொதுமக்களுக்காக நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எலும்பு மருத்துவனாக இந்தத் தீவில் நான் மிக அதிகமாகக் கேட்ட கேள்வி, "டாக்டர், இடுப்பில வச்ச இரும்பு எத்தனை வருஷம் தாங்கும்?" என்பதுதான். பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும். "தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறலாமா?" அந்த மலைக் கோயிலுக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். கேட்கிற அம்மாவுக்கு இரண்டும் ஒரே கேள்வி. எனக்கும் அப்படித்தான்.

உள்ளே வைத்த உலோகம் உடைந்துபோய் நோயாளி திரும்பி வருவது அபூர்வம். எலும்பில் அது உட்கார்ந்திருக்கும் பிடி தளர்ந்து வருவதே வழக்கம். படி ஏறும்போது இடுப்பு மூட்டில் விழுகிற சுமை உடல் எடையைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. ஓரளவு நடமாட்டமுள்ள ஒருவர் ஒவ்வொரு காலையும் ஆண்டுக்குச் சுமார் பத்து லட்சம் தடவை எடுத்து வைக்கிறார். உயிருள்ள எலும்புக்குள் உயிரில்லாத ஒரு தண்டைச் செருகி, இவ்வளவு சுமையையும் அது அசையாமல் வாங்கிக்கொள்ள வேண்டும் என்கிறோம். எலும்போ ஓயாமல் தன்னைக் கரைத்துக் கரைத்துப் புதுப்பித்துக்கொள்ளும் பொருள். இன்றைக்கு இறுக்கமாக இருப்பது பத்து ஆண்டு கழித்தும் இறுக்கமாக இருக்குமா என்பதை ஆப்பரேஷன் மேசையில் யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே இந்தத் துறையில் ஆராய்ச்சி என்பது நோயாளியோடு கூடவே வருவது. பத்து ஆண்டு, இருபது ஆண்டு, முடிந்தால் அவர் கண்மூடும் வரைக்கும். இதைத் தன் வாழ்க்கையால் நிலைநாட்டியவர் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி. இன்றைய பேச்சு பெரும்பாலும் அவரைப் பற்றியது. நடுவில் நமக்கு வடக்கே பர்மாவில் உள்ள மண்டலேக்கும் ஒரு நடை போய் வருவோம்.

சார்ன்லிக்கு முன்னாலும் முயன்றவர்கள் உண்டு. 1890 வாக்கில் பெர்லினில் தெமிஸ்டோக்ளிஸ் குளூக் என்பவர் யானைத் தந்தத்தில் மூட்டுகளைச் செய்து வைத்தார். எலும்பில் அவற்றைப் பிடிக்க வைக்க நிக்கல் பூசிய திருகுகளைப் பயன்படுத்தினார். பிசினும் நுரைக்கல் பொடியும் ஜிப்சமும் கலந்த ஒருவகைச் சாந்தையும் முயன்று பார்த்தார். காசநோய் தாக்கிய மூட்டுகள் அவை. சீழ் வைத்துப் பெரும்பாலானவை கெட்டன. 1938இல் லண்டனில் ஃபிலிப் வைல்ஸ் எஃகில் பந்தும் கிண்ணமும் செய்து திருகால் முடுக்கினார். 1946இல் பாரிஸில் ஜூதே சகோதரர்கள் அக்ரிலிக்கில் தொடை எலும்பின் தலையைச் செய்தார்கள். முதல் சில மாதங்கள் அற்புதம் என்றார்கள். பிறகு தேய்ந்தது, ஆடியது.

அந்த அக்ரிலிக் தலை பொருத்திய ஒருவரைப் பற்றிய செய்திதான் சார்ன்லியைத் தூண்டியது. மேசையில் அந்த நோயாளி குனியும்போதெல்லாம் இடுப்பு கிரீச்சிட்டதாம். மனைவியால் ஒரே அறையில் உட்கார முடியவில்லை. இந்தக் கதையை மருத்துவர்கள் பலரும் கேட்டிருப்பார்கள், கேட்டுவிட்டு மறந்தும் இருப்பார்கள். சார்ன்லி நின்று யோசித்தார். சத்தம் வருகிறது என்றால் உராய்வு இருக்கிறது. மூட்டில் உராய்வு இருந்தால் ஒவ்வோர் அடியிலும் பந்து கிண்ணத்தைப் பிடித்துத் திருகும். அந்தத் திருகல் கிண்ணத்தோடு நிற்காமல் பின்னாலிருக்கும் எலும்புக்குப் போகும். எலும்பின் பிடியைத் தளர்த்துவது அதுதான்.

மருத்துவம் படிக்கும் தம்பி தங்கையர் இந்த இடத்தைக் கவனமாகக் கேட்க வேண்டும். உராய்வு ஒரு பிரச்சினை, பிடிமானம் இன்னொரு பிரச்சினை என்று மற்றவர்கள் தனித்தனியாகப் பார்த்தார்கள். இரண்டும் ஒன்றே என்று சார்ன்லி கண்டார். திருகுவிசை என்பது உராய்வு விசையை ஆரத்தால் பெருக்கிய தொகை. அப்படியானால் வழுக்கும் பொருளை எடு, பந்தைச் சிறிதாக்கு, கிண்ணத்தின் சுவரைத் தடிப்பாக்கு. மனிதத் தொடை எலும்பின் தலை ஐந்து சென்டிமீட்டரை நெருங்கும். சார்ன்லி கடைசியில் வந்து நின்ற பந்தின் விட்டம் 22.225 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலத்தில் எட்டில் ஏழு பங்கு. பார்த்தவர்கள் இவ்வளவு சின்னதா என்று திகைத்தார்கள். இயற்கையின் வடிவத்தைப் பார்த்து அப்படியே செய்வதை விட்டு, இயற்கை எந்த வேலையைச் செய்கிறதோ அந்த வேலையை வேறு வடிவில் செய்ய அவர் துணிந்தார்.

அவருடைய பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1911இல் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் பெரி என்ற ஊரில் பிறந்தார். தந்தை மருந்துக் கடைக்காரர், தாய் தாதி. மான்செஸ்டரில் மருத்துவம் படித்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ராணுவ மருத்துவராக எகிப்தில் இருந்தபோது பொறியியல் படையின் பட்டறையில் உட்கார்ந்து எலும்பு முறிவுக்கான கருவிகளைச் செய்யக் கற்றுக்கொண்டார். ஊர் திரும்பிய பிறகு எலும்பு ஒட்டு எப்படிப் பிடிக்கிறது என்று தெரிந்துகொள்ள, தன் கணைக்காலெலும்பிலிருந்தே ஒரு துண்டை வெட்டி எடுக்கச் சொல்லிச் சக மருத்துவர் ஒருவரை வற்புறுத்தினார். காயத்தில் சீழ் பிடித்து நாள்கணக்கில் படுக்கையில் கிடந்தார். அறிவுள்ளவர் செய்யும் காரியமா என்று கேட்பீர்கள். ஆனால் நோயாளியின் உடலில் ஒன்றைச் செய்யுமுன் அது தன் உடலில் என்ன செய்யும் என்று பார்க்கும் வழக்கம் அவரிடம் கடைசிவரை இருந்தது.

இனி, தண்டை எலும்பில் பிடிக்கவைக்கும் சிமென்டுக்கு வருகிறேன். 1950களின் பிற்பகுதியில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவப் பிரிவில் டெனிஸ் ஸ்மித் என்ற பொருள் அறிவியலாளர் இருந்தார். பல் கட்டும் வேலைக்குப் பயன்படும், தானாக இறுகும் அக்ரிலிக்கை அவர் சார்ன்லிக்குக் காட்டினார். தூளும் திரவமுமாக இருக்கும். கலந்தால் சில நிமிடத்தில் கல்லாகும். 1958இல் சார்ன்லி அதைத் தொடை எலும்பின் குழிக்குள் நிரப்பி, உலோகத் தண்டைச் செருகிப் பார்த்தார். 1960இல் ஆய்விதழில் வெளியிட்டார்.

அக்ரிலிக்கை எலும்பில் பயன்படுத்தியவர்கள் அவருக்கு முன்பும் இருந்தார்கள். அவர்கள் அதை ஒட்டும் பசையாக நினைத்துக் கொஞ்சமாகத் தடவினார்கள். சார்ன்லி நினைத்தது வேறு. கொத்தனார் கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவில் சாந்தை அடைத்துக் கெட்டிப்படுத்துவாரே, அந்த வேலைதான் இங்கே சிமென்டுக்கு. அது எதையும் ஒட்டாது. எலும்பின் உட்புறத்தில் உள்ள ஆயிரமாயிரம் சிறு துவாரங்களுக்குள் புகுந்து உறைந்து, தண்டின் சுமையைப் பரந்த பரப்புக்குப் பிரித்துக் கொடுக்கும். ஓரிரு முனைகளில் எலும்பை நசுக்கிய விசை இப்போது குழி முழுவதும் பரவுகிறது. அதனால் எலும்பு சாகாமல் நிற்கிறது.

ஆப்பரேஷன் அறையில் அந்தச் சில நிமிடங்கள் எப்படியிருக்கும் என்று பாருங்கள். தூளில் திரவத்தை ஊற்றியதும் மூக்கைத் துளைக்கும் நெடி கிளம்பும். முதலில் கூழாக இருக்கும், கையுறையில் ஒட்டும். ஒட்டாத பதம் வரும் வரை காத்திருக்க வேண்டும். அந்தப் பதம் வந்ததும் கழுவித் துடைத்த எலும்புக் குழிக்குள் அதை அழுத்தி நிரப்பி, தண்டை ஒரே சீராக இறக்க வேண்டும். இறக்கிய பிறகு அசையக் கூடாது. பேச்சு நின்றுவிடும். மருத்துவர் தண்டைப் பிடித்தபடி நிற்பார். மிச்சமிருந்த சிமென்டில் ஒரு சிறு உருண்டை பக்கத்தில் நிற்பவர் உள்ளங்கையில் இருக்கும். அது முதலில் வெதுவெதுப்பாகும், பிறகு பிடிக்க முடியாத அளவுக்குச் சுடும். சூடு ஏறி இறங்கி, தட்டினால் கல் சத்தம் கேட்டால் உள்ளேயும் இறுகிவிட்டது என்று பொருள். அந்த நிமிடங்களில் கை கொஞ்சம் நடுங்கினாலும் அதன் விலையைப் பல ஆண்டு கழித்து நோயாளி கொடுப்பார்.

சிமென்ட் தொடக்கத்திலேயே வெற்றி. கிண்ணம்தான் அவரைக் கவிழ்த்தது.

வழுக்கும் பொருள் வேண்டும் என்று தேடியபோது அவர் கைக்குக் கிடைத்தது டெஃப்லான் வகைப் பிளாஸ்டிக். இன்று நம் வீட்டுத் தோசைக்கல்லில் பூசியிருப்பது அந்த இனம்தான். திடப் பொருள்களில் அதைவிட வழுக்குவது அன்று வேறில்லை. அதில் கிண்ணம் செய்து வைத்தார். நோயாளிகள் வலி நீங்கி எழுந்து நடந்தார்கள். விகன் நகருக்கு அருகே அவர் பணிபுரிந்த ரைட்டிங்டன் மருத்துவமனைக்கு, அது காசநோயாளிகளுக்கென்று இருந்த இடம், ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஏறத்தாழ முந்நூறு பேருக்கு வைத்துவிட்டார். இரண்டு மூன்று ஆண்டில் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். உலோகப் பந்து பிளாஸ்டிக்கைக் குடைந்துகொண்டு போயிருந்தது. தேய்ந்த துகளைச் சுற்றி உடல் வெள்ளைக் கசடாகத் திசுவை வளர்த்து, எலும்பை அரித்திருந்தது.

முந்நூறு பேர் என்பது அதிகம் என்பதே என் கருத்து. சோதனைக்கூடத்தில் போதிய அளவு தேய்த்துப் பார்க்காமல் அத்தனை பேருக்கு வைத்திருக்கக் கூடாது. இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் அதற்கு இடம் தராது. ஆனால் அதற்குப் பிறகு அவர் நடந்துகொண்ட விதத்தை ஒவ்வொரு மருத்துவ மாணவருக்கும் சொல்ல வேண்டும். தோல்வியை அவர் யாரிடமும் மறைக்கவில்லை. நோயாளிகளைத் தானே வரவழைத்து, நடந்ததைச் சொல்லி, தன் கையாலேயே மறு ஆப்பரேஷன் செய்தார். அரைத்த டெஃப்லானைத் தன் தொடையின் தோலுக்கடியில் செலுத்திக்கொண்டார். பின்னர் வந்த புதிய பிளாஸ்டிக்கையும் அப்படியே செலுத்தி, இரண்டுக்கும் உடல் எப்படிப் பதில் சொல்கிறது என்று மாதக்கணக்கில் கவனித்தார். டெஃப்லான் கட்டியாகப் புடைத்தது. இன்னொன்று அப்படிச் செய்யவில்லை. 1963 டிசம்பரில் லான்செட் இதழில் அதை எழுதினார்.

அந்தப் புதிய பிளாஸ்டிக் வந்த கதையில் நாயகர் மருத்துவர் அல்லர். 1962 மே மாதம் ஒரு விற்பனையாளர் ரைட்டிங்டன் பட்டறைக்கு வந்தார். லங்காஷயர் நெசவாலைகளின் தறி இயந்திரங்களுக்கான பல்சக்கரங்களை விற்பவர். ஜெர்மனியில் தயாரான உயர்வகைப் பாலிஎத்திலீனில் செய்த சக்கரம் ஒன்றைக் காட்டினார். பட்டறைப் பணியாளர் ஹாரி கிரேவன் அதைச் சார்ன்லியிடம் கொண்டுபோனார். சார்ன்லி நகத்தால் கீறிப் பார்த்து, இது வேண்டாம், நேரம் வீண் என்று சொல்லிவிட்டு வெளிநாட்டுக் கூட்டம் ஒன்றுக்குப் புறப்பட்டார். கிரேவன் விடவில்லை. தான் கட்டிய தேய்வு இயந்திரத்தில் அதை மாட்டி இரவும் பகலும் ஓடவிட்டார். மூன்று வாரம் ஓடிய பிறகும், டெஃப்லான் ஒரே நாளில் தேய்கிற அளவுகூட அது தேயவில்லை. திரும்பி வந்த சார்ன்லி இயந்திரத்துக்கு முன்னால் நின்றார், பார்த்தார், தன் தீர்ப்பை மாற்றிக்கொண்டார். 1962 நவம்பரில் அந்தப் பொருளில் செய்த முதல் கிண்ணத்தை ஒரு நோயாளிக்கு வைத்தார்.

இந்தக் கூடத்தில் பாயான் லெப்பாஸிலும் பத்து காவானிலும் ஆலைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் பலர் இருக்கிறீர்கள். ஸ்மித் அண்ட் நெஃப்யூ நிறுவனம் செயற்கை மூட்டுகளுக்கான ஆலையைப் பத்து காவானில் 2022இல் திறந்தது. அறுவைக் கருவிகளும் பல ஆண்டுகளாகவே நம் தீவில் தயாராகின்றன. கிரேவனுடைய பெயரைப் பாடநூல்கள் பல விட்டுவிடுகின்றன. நீங்கள் விடாதீர்கள். இடுப்பு மூட்டின் வரலாற்றில் கடைசல் பட்டறைக்கு உள்ள பங்கு ஆப்பரேஷன் அறைக்கு உள்ளதற்குக் குறைந்ததன்று.

நல்ல பொருள் கிடைத்துவிட்டது. விற்கலாம் அல்லவா? சார்ன்லி விற்க விடவில்லை. பல ஆண்டுகள் தன் நோயாளிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். லீட்ஸில் உள்ள தாக்ரே நிறுவனம் அதைத் தயாரித்தபோதும், ரைட்டிங்டனுக்கு வந்து தன் முறையைக் கற்றுப்போன மருத்துவர்களுக்கு மட்டுமே கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். அகம்பாவம் என்றார்கள், ஏகபோகம் என்றார்கள். நான் அவர் பக்கம். டெஃப்லானில் சுட்டுக்கொண்டவர் அவர். அவசரத்தின் விலையை யார் கொடுப்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

காத்திருந்த ஆண்டுகளில் அவர் சும்மா இருக்கவில்லை. முதல் கட்டத்தில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில் சீழ் பிடித்தது. செயற்கை மூட்டில் சீழ் பிடித்தால் பிடிமானம் போயிற்று, பெரும்பாலும் மூட்டையே கழற்ற வேண்டும். காற்றில் மிதக்கும் கிருமிகள் மீது அவருக்குச் சந்தேகம். ஹோவர்த் என்ற காற்று வடிகட்டும் நிறுவனத்தோடு சேர்ந்து, மேலிருந்து கீழாகத் தூய காற்று இறங்கும் கண்ணாடி அடைப்பு ஒன்றை ஆப்பரேஷன் மேசையைச் சுற்றிக் கட்டினார். மருத்துவர்கள் விடும் மூச்சையும் குழாய் வழியே வெளியே இழுக்கும் உடை தைத்தார். சீழ் விகிதம் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது. இன்று எலும்பு ஆப்பரேஷன் அறைகளின் கூரையிலிருந்து இறங்கும் அந்தக் குளிர் காற்று அங்கிருந்து வந்தது.

அவர் செய்தவற்றில் என்னை மிகவும் தொட்டது இன்னொன்று. தன் நோயாளிகளிடம் அவர் ஒரு வேண்டுகோள் வைத்தார். உங்கள் காலம் முடிந்த பிறகு அந்த இடுப்பை எனக்குத் தர முடியுமா? பலர் சம்மதித்தார்கள். ஆண்டுகள் கழித்து அந்த எலும்புகள் ரைட்டிங்டனுக்கு வந்தன. அவற்றை மெல்லிய தகடுகளாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். சிமென்டை ஒட்டி உயிருள்ள எலும்பு நிற்பதைக் கண்டார். எக்ஸ்ரேயில் ஊகித்ததைக் கண்ணால் கண்ட இடம் அது. வலி நீங்கி நடந்தவர்கள், அடுத்தவருக்கும் அது கிடைக்கட்டும் என்று மரணத்துக்குப் பிறகும் ஆராய்ச்சியில் பங்கெடுத்தார்கள். சார்ன்லிக்கு 1974இல் லாஸ்கர் விருதும் 1977இல் சர் பட்டமும் கிடைத்தன. 1982இல் மறைந்தார்.

அவருடைய மூட்டு எவ்வளவு காலம் தாங்கியது? அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் 1969க்கும் 1971க்கும் இடையில் அடுத்தடுத்து வைத்த இரண்டாயிரம் சார்ன்லி மூட்டுகளை இருபத்தைந்து ஆண்டு தொடர்ந்து கண்காணித்து 2002இல் முடிவை வெளியிட்டார்கள். மாற்றவோ கழற்றவோ தேவையின்றி இருபத்தைந்து ஆண்டு நின்ற விகிதம் நூற்றுக்கு ஏறத்தாழ எண்பத்தொன்று.

இப்போது மண்டலே. பினாங்கில் பர்மா ரோடு இருக்கிறது, புலாவ் திக்குஸில் பர்மியக் கோயில் இருக்கிறது. ரங்கூனுக்கும் நமக்கும் பழைய உறவு. சார்ன்லி டெஃப்லானோடு போராடிக்கொண்டிருந்த அதே 1960இல், மண்டலே பொது மருத்துவமனையில் டாக்டர் சான் பா என்ற பர்மிய எலும்பு மருத்துவர் 83 வயதான ஒரு பௌத்தப் பெண் துறவியின் இடுப்பில் யானைத் தந்தத்தில் செதுக்கிய தலையை வைத்தார். விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிந்து, கூடாமல் போனவர் அந்த அம்மையார். உலோக மூட்டை இறக்குமதி செய்ய அன்றைய பர்மாவால் இயலாது. தந்தம் கையருகில் இருந்தது, விலையும் குறைவு.

அடுத்த இருபது ஆண்டுகளில் முந்நூறுக்கும் மேற்பட்டோருக்கு அவர் தந்த மூட்டு வைத்தார். 1969இல் லண்டனில் பிரிட்டிஷ் எலும்பு மருத்துவர் சங்கத்தின் கூட்டத்தில் தன் அனுபவத்தைப் படித்தார். அவருடைய கணக்கில் நூற்றுக்கு 88 பேரால் நடக்கவும், குந்தி உட்காரவும், சைக்கிள் மிதிக்கவும் முடிந்தது. உடல் திசு தந்தத்தோடு இயல்பாகவே பிணைந்துகொள்கிறது என்று எக்ஸ்ரே படங்களைக் கொண்டு அவர் வாதிட்டார். யானையைக் காக்க 1989இல் தந்த வணிகத்தை உலக நாடுகள் தடை செய்தன; அது சரியே. அந்த மூட்டு திரும்ப வரப்போவதில்லை. ஆனால் சான் பாவின் பட்டியலில் "குந்தி உட்கார" என்ற சொல் இருப்பதைப் பாருங்கள். ரைட்டிங்டனில் யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள். நம்மிடம் கோயிலில் சம்மணம் போட வேண்டும், பள்ளிவாசலில் மண்டியிட வேண்டும், பழைய வீடுகளில் குந்தும் கழிப்பறை. சிறிய பந்து உள்ள மூட்டு ஆழமாக மடக்கினால் நழுவக்கூடும். நோயாளி எப்படி உட்காருகிறார் என்று தெரியாமல் அவருக்கு எந்த மூட்டு நல்லது என்று முடிவு செய்ய முடியாது.

சார்ன்லிக்குப் பிறகும் பிடிமான ஆராய்ச்சி நிற்கவில்லை. இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் மருத்துவர் ராபின் லிங்கும் பொறியாளர் கிளைவ் லீயும் 1970இல் பளபளப்பாக மெருகேற்றிய, கீழ்நோக்கிக் குறுகும் தண்டு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நன்றாக வேலை செய்தது. 1976 வாக்கில் அதன் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கினார்கள். சொரசொரப்பு இருந்தால் சிமென்ட் இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்று எவருக்கும் தோன்றும். விளைவு எதிர்மாறாக வந்தது. சொரசொரப்பான தண்டுகள் முந்தியதைவிடச் சீக்கிரம் தளர்ந்தன. மெருகேறிய தண்டு சிமென்டுக்குள் மயிரிழை அளவு கீழே இறங்கி, இறங்க இறங்க ஆப்புப்போல் இறுகும். சொரசொரப்பானது இறங்க முடியாமல், அசையும்போதெல்லாம் சிமென்டை அராவிப் பொடியாக்கியது. 1980களின் பிற்பகுதியில் பழைய மெருகுக்கே திரும்பினார்கள். பழைய நோயாளிகளைக் கணக்கெடுத்து வைத்திராவிட்டால் இந்த வேறுபாடு கண்ணில் பட்டிருக்கவே முடியாது.

சிமென்டே இல்லாமல் பிடிக்கவைக்கும் வழியும் வந்தது. தண்டின் மேற்பரப்பில் நுண்ணிய துளைகளை உண்டாக்கினால் எலும்பு அவற்றுக்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ளும். ஒரு நிபந்தனை உண்டு. தொடக்க வாரங்களில் தண்டு ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குக்கு மேல் அசையக் கூடாது. அசைந்தால் எலும்புக்குப் பதில் நார்த்திசு வளரும், மூட்டு ஆடும். பாலிஎத்திலீன் துகள்களும் எலும்பை அரிக்கும் என்பது 1970களிலிருந்து படிப்படியாகத் தெரியவந்தது. அதைக் குறைக்க, மூலக்கூறுகளைக் குறுக்கே பிணைத்த புதிய வகை 1990களின் இறுதியில் வந்தது.

சென்னையைச் சொல்லாமல் போனால் என் மனம் கேட்காது. எலும்பில் புற்றுநோய் வந்தால் காலை எடுப்பதுதான் வழி என்றிருந்த காலத்தில், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் மயில்வாகனன் நடராஜன், நோயுற்ற எலும்பை மட்டும் அகற்றிவிட்டு ஒவ்வொரு நோயாளிக்கும் அளவெடுத்துச் செய்த பெரிய செயற்கை எலும்பைப் பொருத்தும் முறையை வளர்த்தார். உள்நாட்டிலேயே செய்ததால் அரசு மருத்துவமனைக்கு வரும் ஏழைப் பிள்ளைக்கும் எட்டியது. முடிவுகளைத் தொடர்ந்து பன்னாட்டு ஆய்விதழ்களில் வெளியிட்டார். 2007இல் பத்மஸ்ரீ பெற்றார். இளம் வயதில் பெரிய தண்டு பொருத்தினால் அது எத்தனை பத்தாண்டு நிற்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். சார்ன்லி முட்டி மோதிய அதே பிடிமானக் கேள்விதான், இன்னும் கடினமான வடிவில்.

நோயாளியைப் பின்தொடராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம் கண்முன்னே சான்று இருக்கிறது. டிப்யூ நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். என்ற, உலோகத்தோடு உலோகம் உரசும் மூட்டு 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. சுமார் 93,000 பேருக்கு வைத்திருந்தார்கள். அது சீக்கிரம் கெடுகிறது என்று முன்னதாகவே எச்சரித்தது ஆஸ்திரேலியாவின் தேசிய மூட்டுப் பதிவேடு. யாருக்கு எந்த மூட்டு வைத்தார்கள், எது எப்போது கெட்டது என்று ஒவ்வொன்றையும் எழுதி வைத்திருந்ததால் அவர்களால் பார்க்க முடிந்தது. இடுப்பு மூட்டுக்கான இத்தகைய பதிவேட்டைச் சுவீடன் 1979இலேயே தொடங்கிவிட்டது. இந்தியாவில் சுமார் 4,700 பேருக்கு அந்த மூட்டு போயிருந்தது. அரசு அமைத்த நிபுணர் குழுவின் அறிக்கை 2018இல் வெளியானபோது, அவர்களில் பெரும்பாலோர் எங்கே இருக்கிறார்கள் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. உரசும் உலோகத்திலிருந்து உடலுக்குள் கோபால்ட் கசிந்துகொண்டிருக்கலாம், யாருக்கென்று தெரியாது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

பின்தொடராமல் விட்டுவிடும் பழக்கம் நம்மிடமும் உண்டு. தையல் பிரித்தாயிற்று, கைத்தடியை விட்டாயிற்று, முதலாம் ஆண்டு எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்றார்கள், அத்தோடு நோயாளி வருவதில்லை. வலி இல்லையே, எதற்குப் போக வேண்டும் என்கிறார். மூட்டின் பிடி தளர்வது தொடக்கத்தில் வலிக்காது. எக்ஸ்ரேயில் எலும்புக்கும் சிமென்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு விழும். போன ஆண்டுப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கோடு அகன்றிருப்பது தெரியும். அதனால் பழைய படங்களை வீடு சுத்தம் செய்யும்போது தூக்கிப் போடாதீர்கள். நாற்காலியை விட்டு எழுந்ததும் முதல் நாலைந்து எட்டு தொடையில் வலித்து, நடக்க நடக்கக் குறைந்தால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். தளர்வின் அடையாளம் பெரும்பாலும் அப்படித்தான் தொடங்கும். எலும்பு அரிபடுவதற்கு முன்னால் வந்தால் மறு ஆப்பரேஷன் எளிது. அரிபட்ட பிறகு வந்தால் புதுத் தண்டுக்குப் பிடித்து நிற்க எலும்பே இருக்காது.

இன்னொன்றும் செய்யுங்கள். மூட்டு வந்த பெட்டியிலேயே சிறு ஒட்டுச் சீட்டுகள் இருக்கும். கம்பெனி பெயர், அளவு, தயாரிப்புத் தொகுதி எண் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். ஆப்பரேஷன் முடிந்ததும் தாதி அவற்றை உங்கள் கோப்பில் ஒட்டி வைப்பார். அதன் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி உங்கள் அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பிள்ளைகளிடமும் ஒன்று கொடுத்து வையுங்கள். டாக்டர் ஓய்வு பெறலாம், நீங்கள் ஜொகூரிலிருக்கும் மகன் வீட்டுக்குக் குடிபோகலாம். அந்த எண் இருந்தால் எந்த ஊர் மருத்துவரும் உங்களுக்குள் இருப்பது எது என்று தெரிந்து வேலை செய்வார்.

முன்வரிசையில் ஓர் ஐயா ரொம்ப நேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கிறார். கேளுங்கள் ஐயா.